மூன்றாவது பதில்

இருபத்தெட்டு வருஷமாக ஒரே அறையில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து நோயாளி பார்த்துவந்த டாக்டரம்மாவுக்கு வெளியே இன்னொரு பெயர் இருந்தது: சந்தேக டாக்டர். நேரில் சொல்லும் தைரியம் யாருக்கும் கிடையாது. ஆனால் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி வழி கேட்டால், "சந்தேக டாக்டரா? நேராப் போங்க, மருந்துக்கடைக்கு அடுத்த கதவு" என்று கை காட்டிவிடுவார்கள். அந்தப் பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அவருக்கு அதில் வருத்தமில்லை. கொஞ்சம் பெருமை என்றே சொல்லலாம்.

எதையும் அவர் மூன்று தடவை கேட்பார். நோயாளி உட்கார்ந்ததும் ஒரு தடவை. படுக்கவைத்து வயிற்றை அமுக்கும்போது ஒரு தடவை. சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து கதவில் கை வைக்கும்போது, ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல மூன்றாவது தடவை. முதல் பதில் கூட வந்திருக்கும் சொந்தக்காரருக்காகச் சொல்வது. இரண்டாவது டாக்டருக்காகச் சொல்வது. மூன்றாவதுதான் நிஜம் என்பது அவர் தீர்மானம். அந்த மூன்றாவதை மட்டுமே நோயாளியின் அட்டையில் எழுதுவார்.

அது பெரும்பாலும் பலித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வயிற்றெரிச்சல் என்று வந்த பஸ் டிரைவர், வேறு எந்த மாத்திரையும் போடுவதில்லை என்று இரண்டு தடவை சாதித்தார். கதவருகே போனதும், "முட்டி வலிக்கு என்ன போடுறீங்க?" என்றார் டாக்டரம்மா. "அந்தச் செவப்பு மாத்திரைதான், காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு, நாலு வருஷமா" என்று கடகடவென்று சொல்லிவிட்டு டிரைவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். வயிற்றைப் புண்ணாக்கியிருந்தது அதுதான். ரத்தசோகையில் வெளிறிப்போயிருந்த பள்ளிக்கூட டீச்சர் கீரையும் முட்டையும் தவறாமல் சாப்பிடுவதாகச் சொன்னார். மூன்றாவது தடவை கேட்டபோது அவர் கைப்பையிலிருந்து பாதி கடித்த சாக்பீஸ் வெளியே வந்தது. சர்க்கரை ஏறிக்கொண்டே போன ரிட்டயர்டு தபால்காரர் விஷயத்தில் மூன்றாவது தடவை கேட்க வேண்டியே இருக்கவில்லை. "இனிப்பா? நானா?" என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அவர் சட்டைப்பைக்குள் எறும்புகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன.

"இத்தனை வருஷத்துல எங்கிட்ட மொதத் தடவையே நிஜத்தச் சொன்னது யாரு தெரியுமா?" என்று ஒருநாள் நர்ஸம்மாவிடம் கேட்டார்.

"யாரு டாக்டர்?"

"அந்த ஒன்பது நாள் குழந்தை. பசிக்குதுன்னு அழுதுச்சு. பசிதான்."

மனிதர்களை நம்பாதவர் ஒன்றை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். அது மேஜை ஓரத்தில் இருக்கும் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. வெள்ளை டயல், கறுப்பு முள், கையில் சுற்றுவதற்கு ஒரு சாம்பல் நிறத் துணிப்பட்டை. முதல் வருஷச் சம்பாத்தியத்தில் வாங்கியது. நர்ஸம்மா இருபது வருஷமாகக் கூடவே இருந்தாலும் அதைத் தொட அனுமதி கிடையாது. எல்லாருக்கும் டாக்டரம்மாவே பட்டையைச் சுற்றுவார், தானே குமிழை அமுக்குவார். வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் முள் சரியாக நிற்கிறதா என்று சோதித்துக்கொண்டும் வருவார். "மனுஷன்தான் பொய் சொல்லுவான், முள்ளுக்கு அந்தப் புத்தி கிடையாது" என்பார்.

அந்த வருஷம் கோடைக்கு முன்னால் பட்டைக்குள் இருந்த ரப்பர் பை ஓட்டையாகிவிட்டது. புதுப் பை கொண்டுவந்த கருவிக்கடைக்காரரை அவர் வாசலிலேயே நிறுத்தினார். பையை மோந்து பார்த்தார், இழுத்துப் பார்த்தார், "இது ஒரிஜினல் இல்ல" என்றார். கடைக்காரர் பில்லைக் காட்டினார். "பில்லு அடிக்கிறதுக்கா பெரிய மெஷின் வேணும்?" என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு அலமாரியைக் குடைந்து, கருவியோடு அந்தக் காலத்தில் கொடுத்த இரண்டாவது பட்டையைத் தேடி எடுத்தார். ஒல்லியானவர்களுக்கென்று கொடுத்த சிறிய பட்டை அது, ஒருநாளும் உபயோகித்ததில்லை. அதற்குள் இருந்த ரப்பர் பையை உருவி, பெரிய பட்டைக்குள் வைத்து, தையல் போடும் வேலையையும் யாரிடமும் விடாமல் தானே செய்தார். தன் கையில் சுற்றிப் பார்த்தார். சரியாகக் காட்டியது. நர்ஸம்மா கையில் பார்த்தார். அதுவும் சரி. இரண்டு பேருமே தென்னங்குச்சி மாதிரி இருப்பவர்கள்.

அந்த வருஷம் பிபி நோயாளிகள் கூடிப்போனார்கள். டாக்டரம்மா ஆச்சரியப்படவில்லை. ஜனங்கள் உப்பை அள்ளிப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, உப்பே சேர்ப்பதில்லை என்று சொல்கிறார்கள், வேறென்ன? அவருடைய சொந்தத் தம்பிக்கே நூற்றைம்பத்திரண்டு இருந்தது; அவனுக்கும் மாத்திரை எழுதினார்.

தம்பிதான் பக்கத்து மருந்துக்கடைக்காரன். ஐந்து வயது சின்னவன். மருந்துப் பெட்டிகளைத் தோளில் ஏற்றி ஏற்றி உடம்பு திரண்டு கிடக்கும். அக்கா அவனைத் தடியன் என்றுதான் கூப்பிடுவார். இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரே சுவர். டாக்டரம்மா எழுதும் சீட்டில் முக்கால்வாசி அந்தக் கடைக்குத்தான் போகும். பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் தம்பி எட்டாம் வகுப்பில் கணக்கில் வாங்கிய முப்பத்தொன்றை எண்பத்தொன்றாகத் திருத்திக்கொண்டு வந்ததை, அன்று மருத்துவக் கல்லூரி விடுமுறையில் வந்திருந்த அக்கா கண்டுபிடித்தார். அதற்கு முப்பத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. அந்த மார்க் அட்டையை அவர் மனசு இன்னும் கிழித்துப் போடவில்லை.

விவகாரம் தொடங்கியது பெயின்டரால்.

பெயின்டர் கட்டிடங்களுக்கு வெளிப்பூச்சு பூசுகிறவர். நாற்பத்தாறு வயது. நாலு மாதமாக டாக்டரம்மா கொடுத்த பிபி மாத்திரை சாப்பிட்டு வந்தார். ஒருநாள் காலை, இரண்டாவது மாடி உயரத்தில் ஏணியில் நின்றவர் அப்படியே சரிந்து விழுந்தார். நல்லவேளை, கீழே மணல் குவிந்திருந்தது. கால் எலும்பு மட்டும் இரண்டாக உடைந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து மனைவியின் தோளைப் பிடித்தபடி அவர் டாக்டரம்மாவிடம் வந்தார்.

ஆஸ்பத்திரிச் சீட்டில், விழுந்து கொண்டுவந்தபோது ரத்த அழுத்தம் தொண்ணூற்றிரண்டு என்று எழுதியிருந்தது. டாக்டரம்மா தன் கருவியில் பார்த்தார். நூற்றிருபத்தெட்டு. அச்சில் வார்த்தாற்போல் அழகான நம்பர். அப்படியானால் அன்று மட்டும் ஏன் தொண்ணூற்றிரண்டு? டாக்டரம்மாவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

"ஏணியில ஏறும்போது குடிச்சிருந்தீங்களா?"

"ஐயோ, இல்லீங்க டாக்டரம்மா. அத விட்டு எட்டு வருஷம் ஆச்சு" என்றார் பெயின்டர். அதைச் சொல்லும்போது அவர் பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார்.

காலைத் தடவிப் பார்த்துக்கொண்டே டாக்டரம்மா இரண்டாவது தடவை கேட்டார். "கொஞ்சம்கூடவா?"

"சத்தியமா இல்லீங்க. திடீர்னு கண்ண இருட்டிட்டு வந்துச்சு, அவ்வளவுதான்."

கதவருகில் போனபோது மூன்றாவது தடவை. பெயின்டருக்கு நின்ற கால் நடுங்கிக்கொண்டிருந்தது. வலியில் உதடு வெளுத்திருந்தது. "நீங்க முடிவு பண்ணிட்டீங்க. ஆமான்னே வச்சுக்கோங்க டாக்டரம்மா, என்னால நிக்க முடியல" என்றார்.

டாக்டரம்மா அட்டையை எடுத்து, 'மது அருந்தியதை ஒப்புக்கொண்டார்' என்று எழுதினார். பெயின்டரின் மனைவி புருஷனைத் தாங்கியிருந்த தோளை மெல்ல விலக்கிக்கொண்டார். பெயின்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

அதோடு முடிந்திருந்தால் டாக்டரம்மாவின் தூக்கம் கெட்டிருக்காது. ஆனால் அடுத்த வாரமே ரொட்டிக்கடை மாஸ்டர் மாவு பிசையும் தொட்டி மேல் மயங்கிச் சாய்ந்தார். அதற்கு நாலு நாள் கழித்து, இஸ்திரி போடும் அம்மா கையில் சூடான பெட்டியோடு தள்ளாடி முழங்கையைச் சுட்டுக்கொண்டு வந்தார். லாரி மெக்கானிக், லாரியின் அடியிலிருந்து எழுந்தாலே உலகம் சுற்றுகிறது என்றார். நாலு பேரும் பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்கள். நாலு பேருக்கும் டாக்டரம்மாவின் கருவியில் அழுத்தம் ஒழுங்காகவே இருந்தது. இஸ்திரி அம்மாவிடம் குடித்தாயா என்று கேட்டால் பெட்டியாலேயே அடிப்பார்.

மாத்திரையில்தான் வில்லங்கம் என்று டாக்டரம்மா முடிவுக்கு வந்தார். ஐந்து மில்லிகிராம் என்று அட்டையில் போட்டு உள்ளே பத்து இருக்கிறதா? போலி மாத்திரையா? நாலு பேரும் மாத்திரை வாங்கியது ஒரே கடையில். அந்தக் கடைக்காரன் ஆறு மாதத்துக்கு முன்னால்தான் பழைய மொத்த வியாபாரியை விட்டுப் புதியவரிடம் சரக்கு எடுக்க ஆரம்பித்தான். எல்லாத் தலைசுற்றலும் அதற்குப் பிறகு வந்ததுதான்.

அதன்பின் தம்பி எதைச் செய்தாலும் அக்காவுக்கு உறுத்தியது. முன்பெல்லாம் கடையில் பம்பரமாகச் சுற்றுகிறவன் இப்போது ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தே மருந்து கொடுத்தான். அக்கா உள்ளே நுழைந்தால் கல்லாவுக்குக் கீழே உள்ள இழுப்பறையைப் பட்டென்று மூடினான். "என்னடா அது?" என்றால், "ஒண்ணுமில்லக்கா, சும்மா" என்று மழுப்பினான். எண்பத்தொன்று போட்ட அன்றும் இதே 'சும்மா'தான் சொன்னான்.

நர்ஸம்மாவை வாடிக்கையாளர் போல அனுப்பி மாத்திரை வாங்கிவரச் சொன்னார். நர்ஸம்மா முணுமுணுத்துக்கொண்டே போய் வாங்கிவந்தார். "ஏன் நர்ஸம்மா, பக்கத்துல அக்காகிட்ட சாம்பிள் இருக்குமே, காசு குடுத்து வாங்குறீங்களே?" என்று தம்பி கேட்டானாம். அதையும் டாக்டரம்மா ஒரு தடயமாகவே எடுத்துக்கொண்டார்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கதை இடித்தது. மயங்கியவர்களின் மாத்திரை அட்டைகளை வரவழைத்து மேஜையில் பரப்பினார். தலைசுற்றல் இல்லாதவர்களுடையதையும் வாங்கிப் பார்த்தார். தபால்காரரும் தெருமுனைத் தையல்காரரும் அதே மாத்திரையைத்தான் சாப்பிட்டார்கள். அதே கடை, அதே தயாரிப்பு எண். அவர்கள் இருவரும் ஜோராக நடமாடினார்கள். ஒரே டப்பாவிலிருந்து போன மாத்திரை பெயின்டரைத் தள்ளிவிட்டு, தபால்காரரை எப்படி விட்டுவைத்தது? விடை கிடைக்கவில்லை. கேள்வியைத்தான் அவர் ஓரமாக நகர்த்தி வைத்தார். 'எப்படியோ பண்றான்' என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம், மருந்து ஆய்வாளருக்கு இரண்டு பக்கத்தில் புகார் எழுதினார். கடையின் பெயர், தம்பியின் பெயர், லைசென்ஸ் எண் எல்லாம் அதில் இருந்தன. இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தால் கடைக்குச் சீல் விழும். இருபத்திரண்டு வருஷக் கடை. அம்மா சாகும்போது "அவனப் பாத்துக்கம்மா" என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது. நாலு பேர் விழுந்திருக்கிறார்கள், அடுத்தவர் எழாமலே போகலாம் என்று தன்னையே அதட்டிக்கொண்டு, கடிதத்தைக் கைப்பையில் வைத்தார். தபாலில் போடுமுன் அவனை ஒரு தடவை நேரில் கேட்டுவிடுவது என்று கிளம்பினார். ஒரு தடவை என்றால் மூன்று தடவை.

கடையில் வேறு யாரும் இல்லை. தம்பி ஸ்டூலில் இருந்தான். அக்காவைப் பார்த்ததும் கை இழுப்பறையை மூடியது.

"மாத்திரைய மாத்திக் குடுக்கிறியாடா?"

"எந்த மாத்திரைக்கா?"

"பிபி மாத்திரை. போலி வாங்கி விக்கிறியா?"

தம்பி சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "இல்லக்கா" என்றான்.

"நாலு பேரு விழுந்திருக்காங்க. உன் கடை மருந்து. நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இல்லக்கா. நீ சாப்பிடுற தைராய்டு மாத்திரையும் இங்கருந்துதானே வருது."

"கடைசியாக் கேக்கிறேன்."

"இல்லக்கா. நூறு தடவ கேட்டாலும் இல்ல." அவன் முகம் சிவந்துவிட்டது. "உனக்கு பில்லுதானே வேணும்? ஆறு மாசத்து பில்லும் இருக்கு. எடுத்துத் தர்றேன், ஒண்ணொண்ணாப் பாரு."

விருட்டென்று எழுந்து, மேல் தட்டில் இருந்த ஃபைலை எடுக்கக் கையை உயர்த்தினான். உயர்த்திய கை அப்படியே நின்றது. கண் சொருகியது. சாய்ந்தான். இருமல் மருந்து பாட்டில்கள் வரிசையாக உருண்டன. டாக்டரம்மா பாய்ந்து அவன் மேல்கையைப் பிடித்தார். இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்தும் விரல்கள் ஒன்றையொன்று தொடவில்லை.

எப்படியோ அவனைத் தரையில் சாய்த்துக் கால்களை ஸ்டூலின் மேல் தூக்கி வைத்தார். தண்ணீருக்காகக் கல்லாவின் கீழே கையை விட்டவர், அந்த இழுப்பறையைத் திறந்தார். உள்ளே உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டுகள். பாதி குடித்த ஒரு பாட்டில். ஒரு ஸ்பூன். வேறொன்றும் இல்லை. வயிற்றுப்போக்குக் குழந்தைகளுக்குக் கரைத்துக் கொடுப்பதை இவன் தனக்குக் கரைத்து வைத்திருந்தான்.

டாக்டரம்மா அந்தப் பாட்டிலைத் திறந்தார்.

"தலை சுத்துதாடா?"

"இல்லக்கா. கொஞ்சம் அவசரமா எந்திரிச்சிட்டேன்."

பாட்டிலை அவன் வாயில் சாய்த்துக்கொண்டே மறுபடி கேட்டார். "தலை சுத்துதா?"

"எப்பவாச்சும்."

அவன் வாயைத் துடைத்துவிட்டு மூன்றாவது தடவை கேட்டார். இந்தத் தடவை அவர் குரலில் அதட்டல் இல்லை.

"அஞ்சு மாசமாக்கா" என்றான் தம்பி. "தினமும். காலைல பல்லு தேய்க்கக்கூட உக்காந்துதான்."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீ பாத்துக் குடுத்த மாத்திரை. அதுல என்ன தப்பு இருக்கப்போகுது? எனக்குத்தான் வயசாகுது போலன்னு நெனச்சேன். சொன்னா நீ பத்து டெஸ்ட் எழுதிட்டு, நீயும் சாப்பிடாம கிடப்ப."

டாக்டரம்மா மறுபடி அந்தக் கையைப் பிடித்திருந்தார். பருத்த கை. இதே மாதிரி கை பெயின்டருக்கு. இருபது வருஷம் தலைக்கு மேல் தூரிகையைத் தூக்கிய கை. மாவு பிசையும் மாஸ்டர் கையும் இஸ்திரி அம்மாவின் கையும் மெக்கானிக்கின் கையும் இதே பருமன்தான். பட்டையைச் சுற்றும்போதெல்லாம் ஒட்டும் முனை ஒட்டாமல் தகராறு பண்ணும் கைகள். தபால்காரரின் கையோ குச்சி. தையல்காரருக்கும் அப்படித்தான். ஓரமாக நகர்த்தி வைத்திருந்த கேள்விக்கு விடை அவர் விரல்களுக்குள்ளேயே இருந்தது.

"அந்தப் பொம்மை மெஷின எடு" என்றார்.

தம்பி கடையில் விற்கும் பேட்டரி மெஷினைத்தான் அவர் அப்படிச் சொல்வார். அதற்குச் சின்னது, பெரியது என்று இரண்டு பட்டைகள் உண்டு. பெரிய பட்டையைத் தம்பியின் கையில் சுற்றினார். தொண்ணூற்றெட்டு. எழுந்து ஓடிப்போய்த் தன் கருவியைக் கொண்டுவந்து அதே கையில் சுற்றினார். நூற்று முப்பத்திரண்டு. பொம்மை பொய் சொல்கிறது என்ற சந்தேகம் அப்போதும் அவரை விடவில்லை. நர்ஸம்மாவைக் கூப்பிட்டு, அவர் கையில் இரண்டையும் பார்த்தார். பொம்மையில் நூற்றுப் பதினெட்டு, தன் கருவியில் நூற்றிருபது. மறுபடி தம்பியின் கையில். நூறு, நூற்று முப்பத்திநாலு.

கத்தரிக்கோலை எடுத்துத் தான் போட்ட தையலைத் தானே பிரித்தார். உள்ளே இருந்து அந்தச் சின்ன ரப்பர் பை வந்தது. அகலம் நாலு விரல்கூட இல்லை. பருத்த கையில் சின்னப் பையைச் சுற்றினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். படிக்கும்போது இரண்டாம் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம். கருவிக்கடைக்காரரைச் சந்தேகப்பட்ட ஜோரில் அவர் அதை மறந்துபோனார். இல்லாத நோய்க்கு ஆறு மாதமாக மாத்திரை கொடுத்து, நன்றாக இருந்தவர்களைத் தானே தள்ளிவிட்டிருக்கிறார். மாத்திரை வேலை செய்கிறதா என்று அதே பட்டையால் சோதித்து, அழகான நம்பர் என்று மெச்சிக்கொண்டும் இருந்திருக்கிறார். அவருக்கு அவமானமாக இருந்தது. பெயின்டரின் கால் மணலில் பட்டு முறிந்த சத்தம், கேட்காத அந்தச் சத்தம், காதில் கேட்டது.

கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்தார். கிழித்துப் போட்டிருக்கலாம்; தம்பிக்குத் தெரியவே தெரியாது. கிழிக்காமல் அவனிடம் நீட்டினார்.

தம்பி தரையில் உட்கார்ந்தபடியே இரண்டு பக்கத்தையும் படித்தான்.

"என்னையாக்கா?" என்றான்.

அக்கா தலையை ஆட்டினார்.

"மூணு தடவ கேட்டியே. மூணு தடவையும் ஒண்ணையேதானே சொன்னேன்."

"சொன்ன. நான் காதுல வாங்கல" என்றார் டாக்டரம்மா. அழுகை வந்தது. அழுதார். நர்ஸம்மா உருண்டு கிடந்த பாட்டில்களைப் பொறுக்குவதில் மும்முரமாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டார்.

தம்பி சமாதானம் சொல்லவில்லை. கடிதத்தை மடித்து அந்த இழுப்பறையில், உப்புப் பாக்கெட்டுகளின் மேல் வைத்து மூடினான். அது அங்கேயே இருக்கட்டும் என்றான். டாக்டரம்மா பிபி அட்டைகளை எல்லாம் எடுத்துப் பருத்த கைக்காரர்களை மட்டும் தனியாகப் பிரித்தபோது, அவனும் பேட்டரி மெஷினைப் பெட்டியில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"நீ எதுக்குடா? படுத்துக் கிட."

"உன் பட்டைய நம்பி இனிமே உன்னத் தனியா எங்கயும் அனுப்ப மாட்டேன்" என்றான். முகத்தில் சிரிப்பு இல்லை.

மாஸ்டரையும் மெக்கானிக்கையும் இஸ்திரி அம்மாவையும் நர்ஸம்மா போனில் பிடித்து, மாத்திரையை நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் வரச் சொன்னார். பெயின்டர் வீட்டுக்கு மட்டும் டாக்டரம்மா நேரில் போக வேண்டியிருந்தது.

இரண்டு அறை வீடு. பெயிண்ட் சொட்டுகள் காய்ந்த ஏணி வெளிச்சுவரில் படுத்துக் கிடந்தது. முன்னறையில் பெயின்டர் மாவுக்கட்டுக் காலைத் தலையணையில் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். அவருடைய தட்டு, தம்ளர், துணி எல்லாமே அவர் கைக்கெட்டும் தூரத்தில் தரையில் இருந்தன. உள்ளறையிலிருந்து பாத்திரச் சத்தம் வந்தது. பேச்சுச் சத்தம் இல்லை.

தம்பி மெஷினை எடுத்துக் கொடுத்தான். பெரிய பட்டையைச் சுற்றிப் பார்த்தார் டாக்டரம்மா. தொண்ணூற்றாறு.

"உங்களுக்குப் பிபியே இல்ல. நான் தப்பான பட்டையில பாத்துட்டேன். நான் குடுத்த மாத்திரைதான் உங்களத் தள்ளிவிட்டிருக்கு. தப்பு என்னுது" என்றார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வேறு நல்ல வாக்கியங்கள் எதுவும் வாயில் வரவில்லை.

பெயின்டர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தார் டாக்டரம்மா. கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"காலு ஒட்டிக்கும் டாக்டரம்மா" என்றார் பெயின்டர் கடைசியில். "பொஞ்சாதிதான் எங்கூடப் பேசி இருபத்து மூணு நாளாச்சு. எட்டு வருஷமா ஏமாத்திட்டியான்னு ஒரே ஒரு தடவ கேட்டுச்சு. அதுக்கப்புறம் ஒண்ணுமே கேக்கல."

உள்ளறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. டாக்டரம்மா எழுந்து உள்ளே போனார். பெயின்டரின் மனைவி அடுப்பைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் அவரிடம் மறுபடியும் சொன்னார் டாக்டரம்மா.

"அப்ப அவரு குடிக்கலையா?" என்றார் மனைவி, திரும்பாமலே.

"குடிக்கலம்மா."

மனைவி தண்ணீர் மொண்டு தம்ளரை நீட்டினார். டாக்டரம்மா வாங்கிக் குடிக்கும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு ஆமான்னுதானே சொன்னாரு? கொஞ்சம்கூடக் குடிக்கலையா?"

"கொஞ்சம்கூட இல்ல. நிக்க முடியாம சொன்னது அது."

டாக்டரம்மா வெளியே வந்து செருப்பில் கால் நுழைத்தார். தம்பி படிக்குக் கீழே நின்றான். வாசலைத் தாண்டப் போகும்போது, பின்னால் வந்து நின்ற மனைவி, ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல மறுபடி கேட்டார்.

"நிஜமாவே குடிக்கலையா டாக்டரம்மா?"

இப்படிக் கேட்பதை அவர் எங்கிருந்து கற்றுக்கொண்டார் என்று டாக்டரம்மாவுக்குத் தெரிந்தது. அவர் திரும்பி நின்றார்.

"குடிக்கல. முதல் தடவையே அவர் நிஜத்தத்தான் சொன்னாரு. நான்தான் நம்பல."

"அப்ப அந்த அட்டையில எழுதினத அடிங்க" என்றார் மனைவி.

டாக்டரம்மா பையிலிருந்து பெயின்டரின் அட்டையை எடுத்தார். தம்பி மெஷின் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான், அதன் மேல் வைத்து எழுதினார். பழைய வரியை அடித்தார். 'இவர் மது அருந்தவில்லை. தவறு மருத்துவருடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார். மனைவி அட்டையை வாங்கி வாசலிலேயே நின்று ஒரு தடவை படித்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

அக்காவும் தம்பியும் ஏணியைத் தாண்டித் தெருவில் இறங்கும்போது, முன்னறையிலிருந்து மனைவியின் குரல் கேட்டது. இருபத்து மூன்று நாளுக்குப் பிறகு புருஷனிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்த அட்டையைத்தான், எழுத்துக்கூட்டி, வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.